கப்ஸா ஆக்கினவளுக்கு சஹன் எங்கே?



பைனல் எக்ஸிட் அடித்து ஊருக்கு வரும் நம் ஆண்களின் படங்களை முகநூலில் எல்லோரும் பார்க்கிறோம். றூம் நடுவில் சுப்ரா விரித்து, பெரிய தட்டில் கப்ஸா, சுற்றிவர ஏழெட்டுப் பேர். சவூதி வாழ்க்கை முடிந்தது, துஆ செய்யுங்கள் என்று ஒரு வரி. கீழே வரிசையாக மாஷா அல்லாஹ். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள் பிரிவது லேசான காரியமல்ல. கல்யாண வீட்டில் ஆறு பேருக்கு ஒரு சஹன் வைக்கிற நமக்கு அது நன்றாகவே விளங்கும்.

நாங்கள் கேட்பது வேறு. இப்படி ஒரு பெண்ணின் படத்தை யாராவது கண்டிருக்கிறீர்களா?

அவளும் அதே சவூதியில்தான் இருந்தாள். அந்த வீட்டின் கப்ஸாவை ஆக்கியதே அவள்தான். கோழியை வெங்காயம், தக்காளி, ஏலம், கறுவா, கராம்பு, காய்ந்த எலுமிச்சை போட்டு அவித்து, அந்தத் தண்ணீரிலேயே பாஸ்மதி அரிசியை வேகவைத்து, இறைச்சியை மேலே அடுக்கிக் கொண்டுபோய் வைப்பாள். வியாழன் இரவு விருந்தாளிகள் வந்தால் இரண்டு மடங்கு. பிறகு குசினிக்குள் இருந்து மிச்சத்தைச் சாப்பிடுவாள். ஊருக்கு வருகிற நாளிலும் பகல் சாப்பாட்டை ஆக்கி, சட்டி கழுவி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்குகிறாள்.

எல்லா வீடும் அப்படியில்லை என்பீர்கள். உண்மைதான். கூட இருத்திச் சாப்பிடவைத்து, கைக்குக் காப்புப் போட்டு, அழுது வழியனுப்பிய வீடுகளும் உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் அது அவர்கள் பெரிய மனது பண்ணிச் செய்கிற உபகாரமல்ல. உணவு கொண்டுவரும் பணியாளரைக் கூடவே இருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது கொடுக்க வேண்டும், அடுப்புச் சூட்டைத் தாங்கியவர் அவர்தானே என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. ஜும்ஆவில் எத்தனையோ தலைப்புப் பேசுகிறோம். இதையும் ஒரு வாரம் பேசலாம்.

அவளைப் பிரித்து வைத்தது குசினிக் கதவு மட்டுமல்ல. சவூதித் தொழிற்சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி சேவை முடிவுப் பணமாக முதல் 5 வருடங்களில் வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேல் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் வரவேண்டும். கம்பனியில் 12 வருடம் இருந்து, ஒப்பந்தம் முடிந்து வருபவருக்கு ஒன்பதரை மாதச் சம்பளம். வீட்டு வேலை செய்பவர்களை அதே சட்டம் 7ஆம் பிரிவிலேயே வெளியே நிறுத்திவிட்டது. அவர்களுக்கென்று 2013இல் வந்த தனி விதிமுறையில், தொடர்ந்து 4 வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம் என்றிருந்தது. அந்த ஒரு மாதத்தையாவது கேட்டு வாங்கியவர்கள் நம்மூரில் எத்தனை பேர்?

ஆகவே மகளோ தங்கச்சியோ முடிச்சிட்டு வாறேன் என்று கோல் எடுத்தால், பாக்கிச் சம்பளம் கைக்கு வந்ததா, அரபியில் நீட்டுகிற கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது, யாரிடமாவது வாசிக்கக் கொடுத்தாயா என்று முதலில் கேளுங்கள். பெட்டிக்குள் டேங் இருக்கிறதா நிடோ இருக்கிறதா என்பதைப் பிறகு கேட்கலாம்.

ஊரும் அவளை எப்படி வரவேற்கிறது? ஆண் வந்தால் வீடு தேடி வந்து முஸாபஹா செய்கிறார்கள். அவள் வந்தால் "வெளிநாட்டுக்குப் போனவள்" என்று வேலிக்கு மேலால் ஒரு பார்வை. தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் கூரை யாருடைய ரியாலில் ஏறியது என்பது அந்தப் பார்வைக்குத் தெரியாது. இதைவிடக் கொடுமை, வந்து மூன்றாம் நாளே "ராத்தா, அந்த அரபு கப்ஸாவ ஒருக்கா ஆக்கித் தாங்களேன்" என்று சொந்தக்காரர் வந்து நிற்பது. கொஞ்சம் வெட்கப்பட வேண்டாமா?

ஆசிரியர்களுக்கு இது தூரத்துக் கதையல்ல. தேர்ச்சி அறிக்கை வாங்க மூத்தம்மா வருகிற பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். உம்மாவின் முகத்தை போன் திரையிலேயே பார்த்து வளர்ந்தவர்கள்.

இந்தத் தவணை விடுமுறையில் அப்படி ஒரு தாய் ஊருக்கு வருகிறார், இன்ஷா அல்லாஹ். அவருக்கு நாங்கள் ஒரு சஹன் வைக்கிறோம். அவர், மகள், மூத்தம்மா, எங்கள் ஆசிரியைகள் மூன்று பேர். கணக்காக ஆறு. நெய்ச்சோறு, இறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், வட்டிலாப்பம். கப்ஸா இல்லை. சட்டி கழுவுவதும் நாங்கள்தான். படம் போடுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.