டேப்பா, ஹார்டு டிஸ்கா?



நம் பள்ளி ஆண்டு விழா, ஐந்தாம் வகுப்புக் குரூப் போட்டோ என்று நான் ஸ்கேன் செய்து வைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தன. போன மாதம் அது கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. "வேற காப்பி இருக்கா சார்?" என்று கடைத் தம்பி கேட்டார். வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன். என்னிடம் இருக்கும் படங்களைத் திரும்ப ஸ்கேன் செய்துவிடலாம். உங்களிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவைதான் போய்விட்டன.

வங்கியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் நம் மாணவர் ஒருவர், "டேப் வாங்குங்க சார்" என்றார். நம் பாட்டு கேசட்டின் தம்பிதான். எல்டிஓ என்று பெயர். ஒன்பதாம் தலைமுறை நாடா ஒன்றில் 18 டெராபைட் பிடிக்குமாம். 2011 பிப்ரவரியில் மென்பொருள் கோளாறால் சிலருடைய ஜிமெயில் காலியானபோது, கூகுள் அதை டேப்பிலிருந்துதான் மீட்டது. டிஸ்குகளில் பல பிரதிகள் இருந்தும், கோளாறு அவற்றையும் தொட்டுவிட்டது. டேப் தனியாகக் கழன்று கிடந்ததால் தப்பித்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் கம்ப்யூட்டர்களை வைரஸ் பூட்டிப்போட்டு, கையால் சீட்டெழுதி வைத்தியம் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட பெரிய இடங்களுக்கு டேப் அவசியம் என்பது என் கருத்து.

நமக்கு வேண்டாம். நாடா சில ஆயிரம்தான், அதை ஓட்டும் கருவி லட்சத்தைத் தாண்டும். புதுக் கருவி ரொம்பப் பழைய நாடாவைப் படிக்கவும் செய்யாது. என் பரணில் ஒரு பெட்டி நிறையக் கேசட் இருக்கிறது, போட்டுக் கேட்க டேப்ரிக்கார்டர்தான் இல்லை!

ஆகவே இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கிவிட்டேன். காப்பி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்தால் இடி, வைரஸ் எது வந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்று அரக்கோணத்தில் என் பீரோவில், மற்றது திருத்தணியில் தங்கை வீட்டில். சும்மா கிடந்தாலும் டிஸ்க் கெடும் என்பதால், ஆடிக் கிருத்திகைக்குப் போகும்போதெல்லாம் இரண்டையும் ஓட்டிப் பார்த்து இடம் மாற்றிவிடுவேன். எப்படியும் வருஷா வருஷம் போகிறோம்.

முன்பு போட்டோ கொடுத்தவர்கள் தயவுசெய்து இன்னொரு முறை கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தெளிவு குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன், நேரில் வாருங்கள். காபி உண்டு.