நோயாளியின் கையில் ஒரு காரியம்

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்தோ, பக்கவாதத்தின் தீவிரம் தணிந்தோ, நீடித்த காய்ச்சலுக்குப் பின் எழுந்து நடக்கும் பலம் குன்றியோ நமது மறுவாழ்வுப் பிரிவுகளுக்கு வந்து சேரும் வயோதிகர்களின் ஒரு நாளைக் கூர்ந்து நோக்கினால், இயன்முறைப் பயிற்சியும் மருந்தும் ஆகாரமும் வைத்தியரின் வருகையும் போக, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி ஒரு காரியமும் இன்றிக் கழிவதைக் காணலாம். அந்த வெற்றுப் பொழுதுக்காகப் பாட்டும் விளையாட்டும் பழங்கதை பேசுதலும் இப்போது ஆங்காங்கே ஏற்பாடு செய்யப்பட்டு வருவதை மனமார வரவேற்கிறோம். எனினும், மனத்தையும் உறவையும் சார்ந்த இச்செயல்களைச் சிகிச்சையின் அங்கமாக மதியாமல், சிகிச்சைக்குப் பின் எஞ்சிய நேரத்தில் செய்யும் உபசாரமாகக் கருதும் மனப்பான்மை நம்மிடையே நீடிக்கும் வரையில், அவற்றின் பயன் நோயாளிக்குக் கிட்டாது என்பது எமது திடமான அபிப்பிராயம்.

முதுமைத் தளர்ச்சிக்கு லிண்டா ஃபிரைடும் அவருடைய சகாக்களும் 2001இல் வகுத்த ஐந்து அடையாளங்களை, அதாவது காரணமின்றி எடை குறைதல், களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மந்தமாதல், உடலியக்கம் சுருங்குதல் என்பவற்றை, வாசகர்கள் நன்கு அறிவார்கள். ஆரோக்கியமான முதியோர்கூடப் பத்து நாள் படுக்கையிலேயே இருந்தால் கால்களின் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோவை இழக்கிறார்கள் என்று 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஏற்கெனவே தளர்ந்தவரின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவரை எழுப்ப ஏவல் மட்டும் போதாது, எழுவதற்கு ஒரு காரணமும் வேண்டும். பயிற்சிக்கு வாருங்கள் என்று அழைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் மூதாட்டி, பக்கத்துக் கட்டிலில் புதிதாக வந்திருப்பவள் தம் ஊர்க்காரி என்று கேள்விப்பட்டதும் வாக்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுவதை இத்துறையில் உழைப்போர் பலரும் கண்டிருப்பார்கள்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவமனையில் ஷேரன் இனூயி நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு, மறுவாழ்வுப் பிரிவில் அன்றிப் பொது வார்டுகளில் நிகழ்ந்ததாயினும், நமக்கு மிகவும் பிரயோஜனமானது. எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 நோயாளிகளை இரு வகுப்பாக்கி, ஒரு வகுப்பாருக்கு மட்டும் தினந்தோறும் நாளையும் இடத்தையும் ஞாபகப்படுத்துதல், நடப்புச் செய்திகளையும் பழைய நினைவுகளையும் பேசுதல், சொல் விளையாட்டு, நடமாட்டம், நிம்மதியான உறக்கம், கண்ணாடியும் செவிக்கருவியும் கைக்கெட்டச் செய்தல் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற தொண்டர்களின் துணையோடு அளித்ததில், டெலிரியம் என்னும் திடீர்ச் சித்தக்குழப்பம் மற்ற வகுப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு நேர்ந்திருக்க, இவர்களில் 9.9 ஆகக் குறைந்தது. கண்ணாடி வீட்டில் கிடக்க, செவிக்கருவியின் பாட்டரி தீர்ந்திருக்க, நோயாளியைக் குழுவின் நடுவே அமர்த்திவிட்டு, அவருக்கு ஆர்வமில்லை என்று குறிப்பெழுதுவது அநியாயம்.

இவற்றினும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கவை 1976இல் வெளியான இரண்டு ஆய்வுகள். கனெக்டிகட் மாநிலத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் ஒரு மாடியினரிடம், தங்கள் அறையையும் பொழுதையும் பற்றித் தீர்மானிக்கும் பொறுப்பு தங்களுடையதே என்று வற்புறுத்தி, தாமே தேர்ந்து தாமே நீர் வார்க்கும்படி செடிகளை அளித்தார்கள். மற்றொரு மாடியினருக்கும் செடிகள் கிடைத்தன, ஆனால் நீர் வார்த்தவர்கள் செவிலியர்கள். முன்னவர்களிடம் உற்சாகமும் சுறுசுறுப்பும் மிகுந்தன. பதினெட்டு மாதங்களுக்குப் பின் பார்த்தபோது இறப்பு இவர்களிடம் நூற்றுக்கு 15 ஆகவும், பின்னவர்களிடம் 30 ஆகவும் இருந்தது. பங்கேற்றோர் தொகை சிறியதாகையால் இந்த மரண விகிதத்தின்மேல் பெரிய மாளிகை எழுப்புவது தகாது. ஆயினும் செடி இருவருக்கும் பொதுவாயிருக்க, வேறுபட்டது பொறுப்பு ஒன்றே என்பதை மறக்கலாகாது.

இரண்டாவது ரிச்சர்ட் ஷுல்ஸ் செய்தது. கல்லூரி மாணவர்கள் முதியோரைச் சந்தித்து வந்ததில், அவர்கள் வரும் நேரத்தை முன்கூட்டி அறிந்தவர்களும் தாமே அதை நிச்சயித்தவர்களும் தேறினார்கள். ஆனால் ஆய்வு முடிந்து மாணவர்கள் வராமற்போன பிறகு, தேறிய அவர்களே மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாகத் தாழ்ந்துபோனார்கள் என்று ஷுல்ஸும் பார்பரா ஹனூசாவும் 1978இல் தெரிவித்தார்கள். அக்டோபர் முதல் தேதியாகிய முதியோர் தினத்தன்று சால்வையும் பழமும் பாட்டுமாக வந்து, படமெடுத்துக்கொண்டு போய், மறு ஆண்டு வரையில் திரும்பிப் பாராத கூட்டங்களை அனுமதிக்குமுன் நிர்வாகிகள் இச்செய்தியை எண்ணிப் பார்ப்பார்களாக. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தவறாமல் வரும் ஒருவர் போதும்.

நம் வார்டுகளுக்குரிய பிரத்தியேகச் சிக்கல் ஒன்றுண்டு. கட்டிலருகே மகளோ மருமகளோ எந்நேரமும் இருக்கிறார்கள். இப்பாக்கியத்தை மேல்நாட்டு மருத்துவமனைகள் பலவும் அறியா. ஆனால் அந்த அன்பே, தாமாக உண்ணக்கூடிய தாய்க்கு ஊட்டிவிட்டும், சீப்பைப் பிடிக்கக்கூடிய கைக்கு வேலை வையாமல் தலைவாரிவிட்டும், மீண்டு வரும் சக்தியை அறியாமலே அணைத்துவிடுகிறது. அவர்களைக் கடிந்துகொள்வதால் பலனில்லை. அம்மா சட்டையின் பொத்தானைத் தாமே போட்டு முடிக்கும்வரை பொறுத்திருப்பதும் பணிவிடைதான் என்று செவிலியர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

செயல்களைத் தேர்வதில் பெரும் பொருட்செலவு ஏதும் அவசியமில்லை. முருங்கைக்கீரை உருவுதல், பூக் கட்டுதல், பல்லாங்குழி, தினசரிக் காலண்டரின் தாளைக் காலையில் கிழித்துக் கிழமையையும் திதியையும் வார்டுக்கு அறிவித்தல் ஆகிய ஒவ்வொன்றும் விரலுக்கும் ஞாபகத்துக்கும் பேச்சுக்கும் ஒருசேரப் பயிற்சியாகும். ஆனால் ஆயுள் முழுதும் கணக்கெழுதிய ஆடவரைப் பூக் கட்ட அமர்த்துவதும், அடுப்படியை வெறுத்த ஆசிரியையிடம் கீரையை நீட்டுவதும், சிரத்தையின்மையின் அடையாளங்கள். களைப்பு எளிதில் மேலிடுமாதலால் இருபது நிமிஷத்துக்கு மேல் நீட்டாமல், பயிற்சிக்கும் இதற்கும் இடையே ஓய்வு தர வேண்டும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் நோயாளிக்கு இருக்க வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில் எந்தச் செயலும் ஏவலாகிவிடும்.

ஆகவே, முதல் மூன்று நாட்களுக்குள் நோயாளி முன்பு என்ன தொழில் செய்தார், எதில் பிரியமுள்ளவர், யாருடைய வருகையை எதிர்பார்க்கிறார் என்பதைக் கேட்டு, மருந்தின் பெயரையும் அளவையும் எழுதுவதுபோலவே அவருக்குரிய செயலையும், அதன் நேரத்தையும், உடனிருப்பவர் யார் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதும் வழக்கத்தை ஒவ்வொரு பிரிவும் மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வீடு திரும்பும்போது தரப்படும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அவ்வரிகள் இடம்பெறுதல் வேண்டும். இனி வீட்டில் எந்தக் காரியம் பெரியவரின் பொறுப்பில் இருக்கும் என்பதைக் குடும்பத்தாரோடும், முக்கியமாக அவரோடும், கலந்து தீர்மானித்த பின்பே அதில் வைத்தியர் கையெழுத்திடலாம்.