கோடைக்கு மட்டும் சமத்துவமோ?

உழைப்பு உயர்ந்ததென்று மேடையேறி முழங்குவோர் எந்நாட்டிலும் பலர். ஆனால், அவ்வுழைப்பு யாருடைய உடலில் நிகழ்கின்றதென்று பார்த்தே உலகம் அதற்கு மதிப்பிடுகின்றது. தனவான் வீட்டுப் பிள்ளை ஒரு மூட்டையைச் சுமந்தால் அது வீரம்; கூலிக்காரன் மகன் அதே மூட்டையைச் சுமந்தால் அது தலைவிதி. இவ்விரட்டை நியாயத்தைக் கண்டு கூசாத கல்வி, கல்வியே அன்றென்பது நமது துணிபு. அமெரிக்காவின் வடகாட்டுப் பகுதிகளில் சிறுவர்க்கென நடைபெறும் கோடைக்கால வனமுகாம்களை நம்மவருள் ஆங்கிலங் கற்ற அன்பர் சிலர் வானளாவப் புகழக் கேட்குந்தோறும் இவ்வெண்ணமே நமக்கு எழுகின்றது. புகழத்தக்கதைப் புகழ்வோம், அப்புகழின் நிழலில் மறைந்து கிடப்பதையும் வெளிக்கொணர்வோம்.

1881-ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷியர் மாகாணத்து ஏரித் தீவொன்றில் எர்னஸ்ட் பால்ச் என்னும் இளைஞர் சொக்கோருவா முகாமை நிறுவினார். செல்வர் வீட்டுச் சிறுவர்கள் கோடை விடுமுறையை உல்லாச விடுதிகளிற் சோம்பிக் கழித்துச் சீரழிகின்றனரே என்பதே அவருடைய கவலை. அத்தீவில் ஏவலாளர் இலர். சமைத்தல், பாத்திரந் துலக்கல், இடத்தைப் பெருக்குதல் ஆகிய அனைத்தையும் சிறுவர்களே முறைவைத்துச் செய்தனர். அம்முகாம் 1889-இல் முடிவுற்றது. அதன் எண்ணமோ முடிவுறவில்லை. 1919-இல் விஸ்கான்சின் மாகாணத்தில் மானிட்டோவிஷ் முகாமும், 1929-இல் மின்னசோட்டாவின் ஈலி என்னும் ஊரருகே விட்ஜிவாகன் முகாமும் தோன்றின. இவ்விரண்டையும் நிறுவியவர்கள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார்.

ஈலிக்கு வடக்கே கனடாவின் எல்லைவரை ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் பரந்து கிடக்கின்றன. 1964-ஆம் ஆண்டு வனச்சட்டமும் 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பகுதியைக் காத்து நிற்கின்றன. அங்கே பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுக்கு இடமில்லை. ஓர் ஏரிக்கும் மற்றோர் ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடும். ஓடமும் ஒருநாள் வண்டியிலேறும் என்பது நம் பழமொழி. அங்கேயோ ஓடம் மனிதன் தோளிலேயே ஏறுகின்றது. கித்தான் போர்த்த பழைய மாதிரி மரத்தோணி 70 இறாத்தலுக்கு மேல் நிறையுள்ளது. அதைக் கவிழ்த்துத் தோளிலேற்றி, கல்லும் வேரும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதையிற் பதினைந்து வயதுச் சிறுவன் நடக்கின்றான். பாதையின் நீளத்தைப் பதினாறரை அடி கொண்ட 'ராடு' என்னும் அளவால் எண்ணுகின்றனர். 320 ராடு ஒரு மைல். உணவுப் பெட்டியைச் சுமப்பவன் தோல்வாரைத் தலையில் மாட்டிப் பாரம் முழுவதையும் கழுத்தால் தாங்குகின்றான். இரு கைகளும் பாரத்திலிருக்க, கொசு முகத்தை மொய்க்கும், விரட்ட வழியில்லை. மாலையில் விறகு பிளந்து, மழையில் நெருப்பு மூட்டி, தானே சமைத்துண்டு, கரிபிடித்த பானையைத் தானே துலக்குகின்றான். தந்தை வங்கி அதிபராயினும் பானையின் கரி அவனுக்குச் சலுகை காட்டுவதில்லை.

இதனை நாம் மனமாரப் போற்றுகின்றோம். தோட்டத்துக் காரியாலயத்தில் அமர்ந்து, பிறருடைய வியர்வையைச் செக்குரோல் புத்தகத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு, சுமப்பவன் கழுத்து நோவை நூல் கற்பிக்காதென்பது தெரியும். ஒருமுறையேனும் தான் சுமந்தவனே பிறன் சுமையை அறிவான்.

அறிந்தபின் அவன் செய்வதென்ன என்பதே நமது கேள்வி. கோடை கழிந்ததும் அச்சிறுவன் நகரத்து மாளிகைக்குத் திரும்புகின்றான். அங்கே பானை துலக்குபவர் வேறொருவர். அவர் பெயரும் அவனுக்குத் தெரியாதிருக்கலாம். காட்டில் தன்னை மனிதனாக்கிய அதே வேலை, வீட்டில் அவரைத் தாழ்ந்தவராக்குவது எங்ஙனம்? இக்கேள்வியை எழுப்பாத முகாம் சமத்துவத்தைக் கற்பிக்கவில்லை. சமத்துவத்தை நடித்துக் காட்டுகின்றது. மேலும், இக்காலத்து முகாம்கள் பலவற்றில் தலைமையிடத்துச் சமையலறையைச் சம்பளப் பணியாட்களே நடத்துகின்றனர். பயணத்தின்போதே சிறுவர் சமைக்கின்றனர். நீண்ட பயணங்களுக்கோ கட்டணம் பல ஆயிரம் டாலர். உபகாரச் சம்பளம் அளித்து ஏழைச் சிறுவரைச் சேர்க்கும் முகாம்களும் உள, அவற்றை வாழ்த்துகின்றோம். எனினும், உழைப்பின் சுவையறியவும் பணங் கட்ட வேண்டியிருப்பதைக் கண்டு நகைப்பதா, அழுவதா?

"கஷ்டமே ஆண்மகனை ஆக்குகின்றது" என்பர் சிலர். அஃது உண்மையாயின், வறுமையிற் பிறந்து சிறுவயதிலேயே முதுகொடிந்த கோடானுகோடிச் சிறார் இன்று உலகை ஆளவேண்டுமே! தானே விரும்பி ஏற்று, கற்றவர் துணையோடு, போதிய உணவோடு, முடிவு நாள் தெரிந்து படும் கஷ்டமே பயிற்சியாகும். மற்றது வதை. கடுமையே கல்வியென்று நம்பிய ஒரு பள்ளியின் சிறுவர்கள் 1978 ஜூன் 11-இல் கனடாவின் திமிஸ்கமிங் ஏரியிற் தோணிப் பயணம் புறப்பட்டனர். தோணிகள் கவிழ்ந்தன. பன்னிரண்டு சிறுவரும் ஓர் ஆசிரியரும் அக்குளிர்நீரில் மாண்டனர். குளிர்நீர் எவருடைய மனவுறுதியையும் விசாரிப்பதில்லை. திறமையும் எச்சரிக்கையும் இல்லாத துணிவைப் பிள்ளைகளுக்குப் புகட்டுவோர், அப்பதின்மூன்று உயிர்களுக்கு விடை சொல்லிவிட்டுப் புகட்டுக.

இனி, முகாம்களின் பெயர்களைப் பாருங்கள். மானிட்டோவிஷ் என்னும் பெயர், ஆவியைக் குறிக்கும் ஒஜிப்வே மக்களின் சொல்வழி வந்தது. தோணியின் வடிவம் அம்முதற்குடிகளுடையது. தலைவாரிற் சுமக்கும் முறையும் அவர்களுடையது. நெடுங்காலம் அமெரிக்க முகாம்கள் பலவற்றில் வெள்ளைச் சிறுவர்கள் இறகு சூடி, முகத்தில் வண்ணம் பூசி, நெருப்பைச் சுற்றி 'இந்தியர்' வேடமிட்டு ஆடினர். அதே காலத்தில் அம்மக்களின் சொந்தப் பிள்ளைகள் பட்ட பாடு யாது? 1879-இல் பென்சில்வேனியாவிற் கார்லைல் பள்ளி திறக்கப்பட்டது. அங்கே அவர்களுடைய தலைமயிர் கத்தரிக்கப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. மானிட்டோவிஷ் முகாம் இருக்கும் அதே வட்டாரத்து லக் டு பிளாம்போவிலும் 1895 முதல் சர்க்காரின் விடுதிப்பள்ளி ஒன்று நடந்தது. ஒருவன் பிள்ளைக்கு விளையாட்டாய் அளிக்கப்பட்டது, மற்றவன் பிள்ளையிடமிருந்து குற்றமெனப் பறிக்கப்பட்டது. இக்கொடுமைக்காக அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்புக் கோரியது 2024-ஆம் ஆண்டிலேதான்.

"அவை பழங்கதை" என்று தள்ளுவோர்க்கு ஒன்று சொல்வோம். ஒஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களால் வட விஸ்கான்சின் நிலத்தைக் கொடுத்தபோது, மீன்பிடிக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையை உறுதிசெய்தது. உடனே நிகழ்ந்ததென்ன? 1980-களின் இறுதியாண்டுகளில், இரவில் ஏரிக்கரைக்கு மீன்பிடிக்கச் சென்ற அம்மக்கள்மீது கூட்டங்கூடிக் கல்லெறிந்தனர், இழிமொழி கூறினர். அவர்களுடைய பெயரைச் சூடிக்கொள்ள ஆட்சேபமில்லை. அவர்களுடைய வயிற்றுக்கு மீன் கிடைத்தால் மட்டும் ஆட்சேபம்! ஒரு மக்களின் சொல்லையும் தோணியையும் எடுத்துக்கொண்டு உரிமையை மறுப்பது மரியாதையாகாது.

ஆகவே, முகாம்களை மூடிவிட வேண்டுமென்போமா? ஒருக்காலும் அன்று. அவற்றின் வாயிலை அகலத் திறவுங்கள் என்போம். கட்டணங் கட்ட இயலாத சிறுவனும் அதே துடுப்பைப் பிடிக்கட்டும். தோணி சுமக்குமுன் அத்தோணியைக் கண்டவர் யார், அந்நிலம் எவ்வொப்பந்தத்தாற் கைமாறிற்று என்பதை அம்மக்களின் வாயாலேயே கேட்டறியட்டும். எல்லாவற்றினும் மேலாக, காட்டிற் துலக்கிய பானையை வீட்டிலும் துலக்கட்டும்.

இந்நாட்டு அன்பர்களே! அமெரிக்கச் சிறுவன் பானை துலக்குவதைப் பத்திரிகையிற் படித்து வியக்கும் நீங்கள், உங்கள் மகன் உண்ட தட்டை எடுப்பவர் யாரென்று இன்றிரவு பாருங்கள். தாயும் தமக்கையும் எடுப்பாராயின், உமது வியப்பு வெறும் வாய்ப்பேச்சே. உழைப்பின் மதிப்பைக் கற்பிக்க வடதுருவத்தை நோக்கிப் பயணம் வேண்டுவதில்லை; ஏரியும் வேண்டுவதில்லை. ஒரு தட்டும், சிறிது தண்ணீரும், "இதை நானே கழுவுவேன்" என்னும் நாணமற்ற மனமும் போதும். அம்மனம் ஆண்டு முழுதும் நிலைக்குமாயின் அதுவே சமத்துவம். கோடையோடு கழியுமாயின் அது விடுமுறை.