ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அடுப்பு!

ஆப்பிள் பழத்தில் கேக் செய்யலாம். அதற்கு மின்சாரப் பெட்டி வேண்டாம். பேக்கரி அடுப்பு வேண்டாம். வீட்டில் இருக்கும் குக்கர் போதும்.

இதை நான் பெரிய ஓட்டலில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரகடத்தில், பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்தவர்கள், தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 5 பெண்கள்.

கேக் செய்யும் முறையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு கோரிக்கை. வேலைக்காக வீட்டை விட்டு வந்திருக்கும் பெண்ணுக்கு, விடுமுறை நாளில் தன் கையால் சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு வேண்டும். விடுதி கட்டுகிறவர்கள் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று கேட்பீர்கள். ஆம், பெரிய விஷயம்தான்!

மாறிய ஊர்

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். சென்னையில் இருந்து பெங்களூர் போகும் சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரியும் வயலும் கோவிலும்தான் அந்த ஊரின் அடையாளம்.

இன்று அப்படி இல்லை. 1998-ம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-ம் ஆண்டு ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஆப்பிள் கம்பெனியின் ஐபோன் தயாராகிறது. அந்தப் போன்கள் கடல் கடந்து போகின்றன.

போனைப் பொருத்துகிறவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் பலர். ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று வெகு தொலைவில் இருந்து வந்தவர்களும் உண்டு. தாய் கைச்சோறு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள், இன்று விடுதிச் சோறு சாப்பிடுகிறார்கள்.

2021-ல் நடந்தது

விடுதிச் சோறு என்றதும் 2021 டிசம்பர் மாதம் நினைவுக்கு வருகிறது.

பூந்தமல்லி அருகே ஒரு விடுதி. பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் அங்கே தங்கி இருந்தார்கள். விடுதிச் சாப்பாடு சாப்பிட்ட பெண்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. 250 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அது பொய். ஆனால், உடன் வேலை பார்க்கும் தோழி என்ன ஆனாள் என்று தெரியாதபோது யார்தான் சும்மா இருப்பார்கள்? பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து நின்றது. தொழிற்சாலையும் மூடப்பட்டது. 2022 ஜனவரி 12-ந்தேதிதான் மீண்டும் திறந்தது.

சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

பிறகு நல்லதும் நடந்தது. வல்லம் வடகாலில் 'சிப்காட்' நிறுவனம் ஒரு பெரிய குடியிருப்பு கட்டியது. செலவு ரூ.706 கோடியே 50 லட்சம். 18,720 பேர் தங்கலாம். 2024 ஆகஸ்டு 17-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அதைத் திறந்து வைத்தார்.

படுக்கை கிடைத்தது. காவல் கிடைத்தது. பாராட்டுவோம். இனி இங்கே இன்னும் பல விடுதிகள் வரும். அவற்றைப் பற்றித்தான் என் பேச்சு.

"அடுப்புதான் இல்லை, பெரியம்மா!"

என் தங்கை மகள் ஒரகடத்தில் வேலை பார்க்கிறாள். முதலில் ஒரு தனியார் விடுதியில் தங்கி இருந்தாள். 8 மாதத்தில் அதை விட்டுவிட்டு, தோழிகளோடு வாடகை அறைக்குப் போய்விட்டாள். என் தங்கை பதறிப் போனாள். "நீ போய்ப் பார்த்துவிட்டு வா, அக்கா" என்று என்னை அனுப்பினாள்.

நான் போன அன்று ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாக 5 பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை. ஷிப்டு வேலையில் அது லேசில் கிடைக்காது.

"விடுதியில் உனக்கு என்ன குறை? வாசலில் காவலாளி இருந்தார். பஸ் வாசலுக்கே வந்தது" என்று கேட்டேன்.

"எல்லாம் இருந்தது, பெரியம்மா. அடுப்புதான் இல்லை" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"காய்ச்சல் வந்தால் ஒரு கஞ்சி வைத்துக்கொள்ள முடியாது. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் ஒரு டம்ளர் சுக்குத்தண்ணீர் போட முடியாது. இட்லி கல்லாக இருந்தாலும் அதைத்தான் சாப்பிட வேண்டும். நாங்கள் என்ன, சின்னக் குழந்தைகளா?" என்றாள்.

இப்போது அவர்கள் இருக்கும் இடத்தில் காவலாளி இல்லை. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வருகிறது. பஸ் ஏறுவதற்கு இருட்டில் நடந்து போக வேண்டும். வாடகையும் கூடுதல். இவ்வளவையும் எதற்காகப் பொறுத்துக்கொண்டார்கள்? ஓர் அடுப்புக்காக!

பாதுகாப்பான இடத்தை விட்டுப் பெண்களை வெளியே தள்ளுவது எது என்று இப்போது புரிகிறதா?

குக்கரில் கேக்

அன்று அவர்களில் ஒருத்திக்குப் பிறந்தநாள். போளூர்ப் பக்கத்துப் பெண். கடையில் கேக் வாங்க ரூ.500 ஆகும். "அந்தப் பணத்தில் அம்மாவுக்குப் புடவை அனுப்பலாம்" என்றாள் அவள். ஆகவே, தாங்களே செய்வது என்று முடிவு செய்தார்கள். தள்ளுவண்டியில் வாங்கிய 2 ஆப்பிள் இருந்தது.

செய்முறை இதுதான். நீங்களும் செய்யலாம்.

ஓர் ஆப்பிளைத் தோல் சீவித் துருவினார்கள். அதில் ஒரு டம்ளர் சர்க்கரை, அரை டம்ளர் எண்ணெய், அரை டம்ளர் தயிர் சேர்த்து, சர்க்கரை கரையும் வரை கலக்கினார்கள். ஒன்றரை டம்ளர் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைச் சலித்துக் கொட்டி, கட்டி இல்லாமல் கலந்தார்கள். மாவு கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால் விடலாம். இட்லி மாவுப் பதம் போதும். அதிகம் அடிக்கக்கூடாது. அடித்தால் கேக் ரப்பர் போல் ஆகிவிடும்.

ஓர் அலுமினியப் பாத்திரத்தில் எண்ணெய் தடவி, மைதா தூவி, பாதி அளவுக்கு மாவை ஊற்றினார்கள். இன்னோர் ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மேலே அடுக்கினார்கள்.

குக்கரில் ஒரு விரல் உயரத்துக்குக் கல் உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்தார்கள். இங்கே கவனம் வேண்டும். மூடியில் உள்ள ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். விசில் போடக்கூடாது. தண்ணீரும் விடக்கூடாது. 10 நிமிடம் மிதமான தீயில் குக்கரைச் சூடாக்கி, பிறகு பாத்திரத்தை உள்ளே இறக்கி மூடினார்கள். சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தபோது மாவு ஒட்டவில்லை. கேக் வெந்துவிட்டது! ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

முதல் முறை அவர்களுக்கு அடி கருகிவிட்டதாம். தீயைக் குறைக்காததுதான் காரணம். இந்த முறை பொன்னிறமாக வந்தது.

பட்டை வாசனை அந்தத் தெருவுக்கே போயிற்று. பக்கத்து அறை ஒடிசாப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. போளூர்ப் பெண் ஒரு துண்டைப் போனில் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினாள். "நானே செய்தேன் அம்மா" என்று அவள் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

கடையில் வாங்கிய கேக்காக இருந்தால், "நானே செய்தேன்" என்று சொல்ல முடியுமா?

அங்கே உல்லாசம், இங்கே குற்றம்!

மேல்நாடுகளில் விடுமுறைக்குப் போகும் குடும்பங்கள் பல, ஓட்டலில் தங்குவது இல்லை. சமையல் அறையோடு கூடிய சிறு வீட்டைச் சில நாள் வாடகைக்கு எடுக்கின்றன. சந்தையில் பழம் வாங்கி, தாங்களே கேக் செய்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு அது ஓர் உல்லாசம். நம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும்கூட அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

ஆனால், நம் தொழிலாளிப் பெண் விடுதி அறையில் ஓர் அடுப்பை வைத்தால், பல இடங்களில் அது குற்றம்!

"தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று விடுதிக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. 6 பேர் படுக்கும் அறையில் அடுப்பு கூடாது. நானும் அதைத்தான் சொல்கிறேன். அறைக்கு அறை அடுப்பு கேட்கவில்லை. மாடிக்கு ஒரு பொதுச் சமையல் அறை போதும். தீ இல்லாத மின்சார அடுப்பு நான்கு. பாத்திரம் கழுவத் தொட்டி. தீயணைப்புக் கருவி. யார், எப்போது என்று எழுதி வைக்க ஒரு நோட்டு. இதற்கு என்ன பெரிய செலவு?

"வாரம் முழுவதும் உழைக்கும் பெண்ணை விடுமுறை நாளிலும் அடுப்படிக்கு அனுப்பலாமா?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இதுவும் நல்ல கேள்விதான். தினமும் சமைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வேலை நாளில் விடுதிச் சோறு வேண்டும். அது சுத்தமாக இருக்க வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், கட்டாயத்துக்குச் சமைப்பது வேறு, ஆசைக்குச் சமைப்பது வேறு. சமைக்க விரும்பாதவள் படுத்துத் தூங்கட்டும். சமைக்க விரும்புகிறவளுக்கு வழி இருக்கட்டும்.

1948-ம் ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உணவுக்கூடம் வேண்டும் என்றது. வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றது. அன்று அது பெரிய முன்னேற்றம். வேலை செய்யும் இடத்தில் சோறு கிடைக்க வழி பிறந்தது. வாழும் இடத்தில் அடுப்பு கிடைக்க இப்போது வழி பிறக்கட்டும்.

வாடகை அறையில் இருக்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. தெருவில் திருட்டுத்தனமாக நிரப்பிக் கொடுக்கும் சிலிண்டரை வாங்காதீர்கள். 5 கிலோ சிலிண்டரை எண்ணெய்க் கம்பெனிகளே விற்கின்றன. அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். சன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

கையை நம்புங்கள்!

ஐபோனில் உள்ள திருகாணிகள் மிகச் சிறியவை. கடுகு அளவுகூட இல்லாதவையும் உண்டு. ஒன்று தவறினாலும் போன் கெட்டுவிடும். அந்த வேலையை இந்தப் பெண்களின் கையை நம்பித்தான் கொடுத்திருக்கிறோம். உலகமே அந்தக் கையை நம்புகிறது.

அந்தக் கையில் ஒரு கரண்டியைக் கொடுக்க மட்டும் ஏன் தயக்கம்?

விடுதி கட்டும் முதலாளிகளே, அதிகாரிகளே! அடுத்த கட்டிடத்துக்குப் படம் வரையும்போது, மாடிக்கு ஒரு சமையல் அறையைச் சேர்த்து வரையுங்கள். பெற்றோர்களே! மகளை விடுதியில் சேர்க்கும்போது, "கட்டில் இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "அடுப்பு இருக்கிறதா?" என்றும் கேளுங்கள்.

நான் ஊருக்குத் திரும்பியதும் தங்கை கேட்டாள்: "என்ன அக்கா, அவளை விடுதிக்கே திரும்பப் போகச் சொன்னாயா?"

"சொல்லவில்லை. அடுப்பு உள்ள விடுதி வந்ததும் சொல்கிறேன்" என்றேன்.

பையில் இருந்த கேக் துண்டை எடுத்துக் கொடுத்தேன். மகள் கையால் செய்த கேக். தங்கை அதைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியைக் கணவருக்கு எடுத்து வைத்தாள்.