பிரெஞ்சு மொழி நாடுகளில் உயர்கல்வி: நாம் ஆயத்தமாவது எப்போது?

ஆண்டு விழா மலர் என்றால் தமிழின் தொன்மையையும் இனிமையையும் எடுத்தியம்பும் கட்டுரைகள் அதில் இடம்பெறுவது மரபு. அப்பணியைச் செவ்வனே ஆற்றவல்லோர் நம்மிடையே பலர் உளர். ஆகையால் நாம் இங்கே வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது சற்று வறண்ட பொருள்தான். விண்ணப்பப் படிவம், வதிவிட அனுமதி, பிறந்த தேதி என்று கணக்குப் புத்தகம் போலத் தோன்றும். ஆயினும் பலெர்மோவில் வளரும் நம் பிள்ளைகளின் எதிர்காலம் பல வேளைகளில் இந்த வறண்ட தாள்களிலேயே தங்கியிருக்கிறது.

நம் இல்லங்களில் அடிக்கடி செவிமடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “மாமா பாரிசில் இருக்கிறார், பிள்ளை இங்கே லிசேயோவை முடிக்கட்டும், பிறகு அங்கே அனுப்பிப் படிப்பிப்போம்.” மாமா பாரிசில் இல்லையென்றால் சித்தி ஜெனீவாவில் இருப்பார், அதுவும் இல்லையென்றால் பெரியப்பா மொன்றியலில் இருப்பார். போரினால் சிதறிய ஓர் இனத்துக்கு உலகெங்கும் உறவினர் இருப்பது துன்பத்திலும் ஒரு நன்மையே. பிழை இவ்வாக்கியத்தின் நடுவிலுள்ள ‘பிறகு’ என்ற சொல்லில் உள்ளது. மத்துரித்தா தேர்வு முடிந்த ஜூலை மாதத்தில் விசாவைப் பற்றி விசாரிக்கத் தொடங்குவோர்க்கு, பெரும்பாலான கதவுகள் அதற்கு முன்பே சாத்தப்பட்டிருக்கும் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். மாணவ விசாவுக்கான ஆயத்தம் பதின்மூன்று வயதில் தொடங்கவேண்டும் என்பதே நமது கருத்து.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமது பள்ளியில் ஒரே வாங்கில் அமர்ந்து ஆத்திசூடி படிக்கும் மூன்று பிள்ளைகள் சட்டத்தின் கண்களுக்கு மூன்று வேறு மனிதர்கள். இத்தாலியக் கடவுச்சீட்டு உடைய பிள்ளை பிரான்சுக்கோ பெல்ஜியத்துக்கோ படிக்கச் செல்ல விசாவே தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகன் என்ற முறையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். இரண்டாவது பிள்ளையிடம் ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வதிவிட அட்டை இருக்கிறது. அவ்வட்டை உடையோர் வேறோர் உறுப்பு நாட்டுக்குச் சென்று படிப்பதற்கு 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை ஒன்று வழிவகுத்துள்ளது. பிரான்சுக்கு இவர் நீண்டகால விசா இன்றியே செல்லலாம். சென்ற மூன்று மாதங்களுக்குள் அங்குள்ள பிரெபெக்த்தூரில் விண்ணப்பித்து, பல்கலைக்கழக அனுமதி, போதிய பணம், மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றைக் காட்டவேண்டும். மூன்றாவது பிள்ளையிடம் இருப்பது ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரண ‘சொஜோர்னோ’. இவர் பலெர்மோவிலேயே பிறந்தவராயினும், சிசிலிய மொழியைச் சந்தைக்காரரைப் போல் பேசுபவராயினும், பிரெஞ்சு அதிகாரியின் முன் இலங்கைக் கடவுச்சீட்டுடன் நிற்கும் ஓர் அந்நியரே. விசா கேட்டாகவேண்டும், மறுக்கப்படவும் கூடும்.

வேறுபாடு விசாவோடு முடிவதில்லை. 2019ஆம் ஆண்டு முதல் பிரான்சின் அரச பல்கலைக்கழகங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வரும் மாணவர்க்குத் தனிக் கட்டணம் விதிக்கத் தொடங்கின. அவ்வாண்டில் இளமாணிப் படிப்புக்கு ஒன்றியக் குடிமக்கள் செலுத்தியது 170 யூரோ. வெளியார்க்கு விதிக்கப்பட்டது 2,770 யூரோ. முதுமாணிப் படிப்புக்கோ 3,770 யூரோ. பல பல்கலைக்கழகங்கள் விலக்கு அளித்து வந்தன என்பது உண்மை. ஆனால் விலக்கு என்பது அவர்களின் விருப்பம், நமது உரிமையன்று. வீடு துடைத்தும் முதியோரைப் பராமரித்தும் பொருளீட்டும் ஒரு குடும்பத்துக்கு இந்த வேறுபாடு எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை.

அப்படியாயின், மூன்றாவது பிள்ளை முதலாவது பிள்ளையாக மாற வழியுண்டா? உண்டு. இத்தாலியின் 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டப்படி, இந்நாட்டில் பிறந்து பதினெட்டு வயது வரை இடையறாது சட்டபூர்வமாக இங்கே வாழ்ந்த பிள்ளை, பதினெட்டு நிறைந்ததிலிருந்து ஓராண்டுக்குள் கொமூனே அலுவலகத்துக்குச் சென்று தான் இத்தாலியக் குடிமகனாக விரும்புவதாக அறிவித்தால் குடியுரிமை பெறலாம். ஓராண்டு மட்டுமே. பத்தொன்பதாவது பிறந்தநாள் வந்துவிட்டால் அந்த இலகுவான வழி பொதுவாக மூடப்படுகிறது. அதன்பின் ஏனையோரைப் போல வருமானமும் பிறவும் காட்டி விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். பத்தாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பும், வாக்களித்தோர் தொகை போதாமையால் பயனற்றுப் போயிற்று.

2013ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஒன்று, பதினெட்டு வயதை அண்மிக்கும் பிள்ளைக்கு இவ்வுரிமையைக் கடிதமூலம் அறிவிக்கவேண்டும் என்று கொமூனேக்களைப் பணித்துள்ளது; அறிவிக்காவிடில் ஓராண்டு எல்லையும் பொருந்தாது. நன்று. ஆனால் அக்கடிதம் பதிவேட்டிலுள்ள முகவரிக்கே வரும். பல்லரோவிலிருந்து பிரான்காச்சோவுக்கும், பிரான்காச்சோவிலிருந்து வேறிடத்துக்கும் வாடகைக்கு ஏற்ப வீடு மாறும் நாம், ஒவ்வொரு முறையும் பதிவை மாற்றுகின்றோமா? பழைய வீட்டின் தபால்பெட்டியில் தூங்கும் கடிதத்தை யார் எடுத்துத் தருவார்?

‘இடையறாது’ என்ற சொல்லையும் நாம் கவனிக்கவேண்டும். தமிழ் நன்றாக வரட்டும் என்று பிள்ளையை யாழ்ப்பாணத்தில் பாட்டியிடம் மூன்றாண்டு விட்டவர்களும், பிரெஞ்சு பழகட்டும் என்று பதினைந்து வயதில் பாரிசுக்கு அனுப்பியவர்களும் நம்மிடையே உள்ளனர். நோக்கம் நல்லதே. ஆயினும் அந்த இடைவெளியே பிள்ளையின் பிறப்புரிமைக்கு இடையூறாகக் கூடும். பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை முதலியவை இங்கே வாழ்ந்தமைக்குச் சான்றாக ஏற்கப்படுவதுண்டு. ஆகவே அவற்றைக் கிழித்தெறியாது ஒரு கோப்பில் காப்பது பெற்றோரின் கடன்.

ஒரு தேதி கைநழுவினால் என்னவாகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் இந்தியாவுடன் சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள். அங்கே பிறந்தோர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது 1956ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஏற்பாடு. அறிவித்தவரின் சந்ததியார் இன்றும் பிரெஞ்சுக் குடிமக்கள். அங்கே தங்கியிருந்தும் அறிவிக்காது விட்டவரின் சந்ததியார் பிரான்சுக்குச் செல்ல விசா வரிசையில் நிற்கின்றனர். ஒரே தெருவில் வாழ்ந்த இரு குடும்பங்களின் பேரப்பிள்ளைகளைப் பிரித்து வைத்தது ஒரு தாளும் ஆறு மாதமும்தான்.

இத்தாலியில் பிறவாத பிள்ளைகளுக்கு இந்த ஓராண்டு வழி இல்லை. அவர்களுடைய நிலை பெற்றோரைச் சார்ந்தது. தந்தையோ தாயோ குடியுரிமை பெற்றால், உடன்வாழும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கும், சட்டம் கூறும் நிபந்தனைகளுக்கு அமைய, அது கிடைக்கும். “ஊரில் காணி இருக்கிறது, இலங்கைக் குடியுரிமை போய்விடுமே” என்று தயங்குவோர் பலர். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது என்பதை அவர்கள் விசாரித்தறிதல் வேண்டும். வேறொரு தடையும் உண்டு. குடியுரிமைக்கும் நீண்டகால அட்டைக்கும் பதியப்பட்ட வருமானம் காட்டவேண்டும். எட்டு மணிநேரம் வேலை வாங்கி நான்கு மணிநேரத்தை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதும் வீட்டு எசமானர் நம் ஓய்வூதியத்தை மட்டுமன்றி நம் பிள்ளையின் கடவுச்சீட்டையும் பறிக்கிறார். ஒப்பந்தத்தில் முழு நேரத்தையும் எழுதும்படி கேட்பதற்கு நாம் கூசவேண்டியதில்லை.

இனி மொழிக்கு வருவோம். பலெர்மோவில் பிரெஞ்சு மொழியைப் பற்றிப் பேசுகையில் 1282ஆம் ஆண்டின் கலகத்தை நினையாமல் இருக்க முடியாது. உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் சாந்தோ ஸ்பிரித்தோ தேவாலயத்தின் முன் தொடங்கிய அக்கிளர்ச்சியில், கடலையைக் குறிக்கும் ‘சிச்சிரி’ என்ற சிசிலியச் சொல்லை உச்சரிக்கச் சொல்லி, தடுமாறியவரைப் பிரெஞ்சுக்காரர் என இனங்கண்டு கொன்றனர் என்று இவ்வூரார் கதை சொல்வர். நமக்கு இது கதையாகத் தோன்றவில்லை. 1983 ஆடிக் கலவரத்தில் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரைத் தேடியதை நம் மூத்தோர் இன்றும் சொல்கின்றனர். உச்சரிப்பு ஒருவரின் உயிரை அளந்த காலங்கள் அவை. இன்று நம் பிள்ளையின் பிரெஞ்சை அளப்பவர் ஒரு தேர்வாளர். தடுமாறினால் ஓராண்டு போகும், அவ்வளவே. அந்த அச்சம் தாங்கக்கூடியதுதான்.

இத்தாலிய நடுநிலைப்பள்ளியில் ஆங்கிலத்துடன் இரண்டாவது ஐரோப்பிய மொழியும் கற்பிக்கப்படுகிறது. அது பிரெஞ்சாகவோ ஸ்பானியமாகவோ இருக்கலாம். பெற்றோர் இதனைப் பொருட்படுத்தாது, தோழன் எதை எடுத்தானோ அதையே தம் பிள்ளையும் எடுக்க விடுகின்றனர். அதைவிடப் பெரிய வாய்ப்பு ‘எசபாக்’ என்பது. 2009ஆம் ஆண்டு இத்தாலியும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சில லிசேயோக்களில் இறுதி மூன்றாண்டுகள் பிரெஞ்சு இலக்கியத்தையும், பிரெஞ்சு மொழியிலேயே வரலாற்றையும் கற்று, இறுதியில் இத்தாலியச் சான்றிதழுடன் பிரெஞ்சு பக்கலோரேயாவையும் சேர்த்துப் பெறலாம். பலெர்மோவிலும் இப்பிரிவு கொண்ட லிசேயோக்கள் உண்டு. தனியான கட்டணமில்லை, முகவருக்குக் கொடுக்கும் ஆயிரங்களும் இல்லை. இத்தகைய வாய்ப்பு நம் பெற்றோர் கூட்டங்களில் ஒருமுறையேனும் பேசப்பட்டதாக நமக்கு நினைவில்லை. லிசேயோவைத் தேர்வது பதின்மூன்று வயதில். அதனாலேயே அவ்வயதை முன்னர்க் குறிப்பிட்டோம். அப்பருவத்தைக் கடந்தோர் சிசா பகுதியிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் மொழி பயிலலாம்.

ஏனைய நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி அமைவோம். பெல்ஜியத்தின் பிரெஞ்சுச் சமூகத்தில் சேர விரும்புவோர் தம் பள்ளிச் சான்றிதழ் அங்குள்ளதற்குச் சமமானது என்ற அங்கீகாரத்தைப் பெறவேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் கெடு ஜூலை நடுவிலேயே முடிவடையும். சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. இத்தாலியக் குடிமக்களுக்கு உடன்படிக்கையால் இலகு, நீண்டகால அட்டைக்கு அங்கே அந்தச் சலுகை இல்லை. கியூபெக் செல்வோர்க்குக் கனடாவின் படிப்பு அனுமதிக்கு முன்பாகக் கியூபெக் அரசின் ஏற்புச் சான்றிதழும் வேண்டும். மேலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பன்னிரண்டு மாதம் தொடர்ந்து தங்கினால் இத்தாலி தந்த நீண்டகால அட்டை இழக்கப்படும். மொன்றியலில் பட்டம் பெற்றுத் திரும்பும் பிள்ளைக்குப் பலெர்மோவில் வீடு இருக்கும், வதிய உரிமை இராது!

விசா கேட்டே ஆகவேண்டிய பிள்ளைகளுக்கு ஒரு சொல். விசா அதிகாரி அறிய விரும்புவது எளியது: இப்பிள்ளை உண்மையில் படிக்கத்தான் போகிறதா? பிரான்சு விசாவுக்கு மாதம் 615 யூரோ என்ற அளவில் பணம் காட்டச் சொல்லி வந்தனர். விண்ணப்பிக்கும்போது அந்நாளைய தொகையைக் கேட்டறிக. உறவினரிடம் கைமாற்று வாங்கி ஒரு வாரம் வங்கியில் போட்டுக் காட்டும் தந்திரம் பழையது. அதிகாரிகளும் அதனை அறிவர். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் கடிதத்தை முகவரிடம் எழுதுவிக்கவேண்டாம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே கடிதத்தை விற்பவர் அவர். பிள்ளை தானே, தன் பிரெஞ்சில் எழுதட்டும். பிழைகளைத் தெரிந்தவர் ஒருவர் திருத்தட்டும். படிப்பை முகமூடியாக்கி வேலைக்குப் போகும் எண்ணமிருப்பின், அதனை வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசி முடிவு செய்வது நன்று. அகதியாய் அலைந்த பெற்றோர்க்கு எந்த எல்லையையும் எப்படியேனும் கடப்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அதனை நாம் குறைகூறோம். பிள்ளைகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு முறை பொய்யுரைத்துப் பெறும் மறுப்பு அடுத்த விண்ணப்பத்திலும் உடன்வரும்.

எல்லோரும் போகத்தான் வேண்டுமா என்றால், இல்லை. பலெர்மோப் பல்கலைக்கழகம் 1806ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. குடும்ப வருமானக் கணக்கான ‘ஈசே’ 22,000 யூரோவுக்கு மேற்படாதோர்க்கு, உரிய பாடங்களில் தேறிவந்தால், அரச பல்கலைக்கழகங்களின் படிப்புக் கட்டணம் விலக்கப்படுகிறது. அங்கே சேர்ந்து, எரஸ்முஸ் திட்டத்தில் ஒரு பருவம் பிரெஞ்சு நாட்டில் பயின்று திரும்புவது பலர்க்கும் ஏற்ற வழி. மகனைப் பாரிசுக்கும் மகளைப் பலெர்மோவுக்கும் என்று பிறந்தபோதே முடிவு கட்டும் வழக்கத்தை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். எவர் போவது என்பதை மதிப்பெண்ணும் மனமும் தீர்மானிக்கட்டும்.

நாம் வாழும் இந்தப் பிரான்காச்சோவில், பிள்ளைகளுக்கு ஒரு நடுநிலைப்பள்ளி வேண்டும் என்று ஓயாது கேட்டுவந்தவர் பங்குத்தந்தை பினோ புலீசி. 1993 செப்டெம்பர் 15ஆம் நாள், தம் ஐம்பத்தாறாவது பிறந்தநாளில், மாபியாவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். படித்த பிள்ளைகள் தம் பிடியில் நில்லார் என்று அவர்கள் அஞ்சினர் போலும்! அவர் கேட்டது விண்ணப்பங்களாலும் மனுக்களாலும்தான். விண்ணப்பம் எழுதுவதைத் தாழ்ந்த வேலையாக நாம் கருதலாகாது.

எனவே பெற்றோர் கூட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நமது பள்ளியின் வரவுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியும் இருக்கிறது. பதினேழு நிறைந்தோரின் பெயர்களைத் தனியே ஒரு பட்டியலாக்கி, ஒவ்வொரு செப்டெம்பரிலும் அக்குடும்பங்களை அழைத்து, கொமூனேயின் பதிவில் முகவரி சரியா, கோப்பில் சான்றிதழ்கள் உள்ளனவா என்று கேட்கும் பொறுப்பை இரு பெற்றோரிடம் ஒப்படைக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதினரின் பெற்றோர்க்கு எசபாக் பற்றி ஒரு மணிநேரம் விளக்க, அதில் பயிலும் நம் மாணவர் ஒருவரையே அழைக்கலாம். விழா முடிந்து வரும் முதல் ஞாயிறு வகுப்பின்போது இதற்கு முன்வருவோர் பெயர் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.