ஒருமுறையேனும் ஆடிப் பார்க்கத்தக்கவை

தென்மராட்சியிலிருந்து தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரம் சிறியது. மூத்த மகன் எந்நேரமும் கைத்தொலைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறானாம், கூப்பிட்டால் வருவதில்லையாம், சோறு ஆறிப்போகிறதாம். இந்த வீடியோ விளையாட்டுக்களை அடியோடு ஒழிப்பதற்கு ஒரு மார்க்கம் சொல்ல வேண்டுமென்று கேட்கிறார்.

ஒழிக்கும் மார்க்கம் எமக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதாயில்லை. கெட்ட புத்தகங்களும் உண்டென்பதற்காக வாசிகசாலையைப் பூட்டிவிட யாரும் சொல்வதில்லை அல்லவா? அதற்குப் பதிலாக, அம்மையாரும் அவர் மைந்தரும் பக்கத்திற் பக்கத்தில் இருந்து ஒருமுறையேனும் ஆடிப் பார்க்கத்தக்க விளையாட்டுக்கள் சிலவற்றை இவ்வாரம் கூறுவோம்.

தாயாரின் கவலையை நாம் இலேசாக எண்ணுகிறோம் என்று யாரும் கருத வேண்டாம். விளையாட்டை விடமுடியாத நிலையையும் ஒரு கோளாறாக உலக சுகாதார தாபனம் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்திருக்கிறது. அப்பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அன்றியும், இலவசம் என்று அழைத்து உள்ளே இருத்திவிட்டுப் பின்னர் வாளுக்கு இவ்வளவு, சட்டைக்கு இவ்வளவு என்று காசு கறக்கும் விளையாட்டுக்கள் மலிந்து கிடக்கின்றன. பெட்டிக்குள் என்ன இருக்கின்றதென்று அறியாமலே பணங்கொடுத்துத் திறக்கச் செய்யும் முறையைச் சூதாட்டமென்றே கொண்டு 2018 இல் பெல்ஜியம் தடுத்தது. அத்தகையவற்றை நாம் சிபாரிசு செய்யவில்லை. நாம் கூறப்போகும் நான்கும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல.

விளையாட்டினால் ஒன்றைக் கற்பிக்கலாம் என்பது புதுக்கருத்துமன்று. வைகுண்ட ஏகாதசி இரவிலே கண்விழித்திருப்பதற்காகப் பரமபதம் ஆடும் வழக்கம் தமிழரிடை உண்டு. பாம்பு கடித்துக் கீழே இறங்கும்போது பிள்ளைக்கு உண்டாகும் ஏமாற்றம், பாவத்தின் பயனைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கஞ் செய்தாலும் உண்டாகாது. இறங்குவது அவனுடைய காய் அல்லவா? புத்தகமும் படமும் பிறருக்கு நேர்ந்ததைச் சொல்கின்றன. விளையாட்டிலோ செய்கிறவரும் நாம், அதன் பயனை அனுபவிப்பவரும் நாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நாம் அதனை மதிக்கிறோம்.

முதலில், கணனியைத் தொடுவதற்கே அஞ்சும் பெரியோருக்கு ஒன்று சொல்வோம். அது ரெற்றிஸ். மேலிருந்து விழும் கட்டங்களைத் திருப்பித் திருப்பிக் கீழே இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். வேறு விதி இல்லை. நான்கு சதுரங்களை ஒட்டி ஆக்கிய ஏழே ஏழு உருவங்கள். வாசிப்பதற்கு ஒரு சொல்லும் இல்லையாதலால் ஆங்கிலம் தெரியாத ஆச்சியும் ஆடலாம். 1984 இல், மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணிபுரிந்த அலெக்சி பஜித்னோவ் இதனை இயற்றினார். அவரிடமிருந்த எலெக்ட்ரோனிக்கா 60 என்னும் யந்திரத்துக்குப் படம் வரையத் தெரியாது. எழுத்துக்குறிகளைக் கொண்டே கட்டங்களைக் காட்டினார். உலகெங்கும் அது விற்பனையானபோது உரிமை அரசாங்கத்தின் கையில் இருந்தமையால், 1996 வரை ஆக்கியோனுக்கு அதனால் முறையான வருவாய் எதுவும் கிட்டவில்லை.

இதன் சம்பந்தமாக நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒக்ஸ்போர்ட்டிலே மோட்டார் விபத்திற் சிக்கி வைத்தியசாலைக்கு வந்த 71 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2017 இல் வெளியாயிற்று. விபத்து நேர்ந்து ஆறு மணி நேரத்துக்குள், நடந்ததை ஒருமுறை நினைவூட்டிவிட்டு அவர்களுள் ஒரு பகுதியினரை ரெற்றிஸ் ஆடச் செய்தனர். ஆடியோருக்கு, அடுத்த ஒரு வாரத்தில், அழையாமலே வந்து வருத்தும் விபத்தின் காட்சிகள் மற்றையோரினும் குறைவாகவே தோன்றின. கண்ணும் மனமும் கட்டங்களை அடுக்குவதில் ஈடுபட்டிருக்கையில், அந்தக் கொடிய காட்சி ஆழமாகப் பதிவதற்கு இடங்கிடைப்பதில்லை என்பது ஆய்வாளர் கருத்து. பழைய காயங்களுக்கெல்லாம் இது மருந்தென்று யாரும் கொண்டுவிடலாகாது. ஆயினும் வெறும் பொழுதுபோக்கென்று தள்ளிவிடவும் முடியவில்லை.

இரண்டாவது விளையாட்டைப் பற்றி எழுதும்போது எமது பேனா சற்று நிதானிக்கின்றது. பேப்பர்ஸ் பிளீஸ் என்பது அதன் பெயர். பத்திரங்களைக் காட்டும் என்று பொருள். லூக்கஸ் போப் என்னும் அமெரிக்கர் ஆக்கி 2013 இல் வெளியிட்டார். நாடுகளின் எல்லைகளிலே கடவுச்சீட்டை நீட்டி நின்ற தம் அனுபவமே இதற்கு வித்து என்கிறார். ஆஸ்ரொற்ஸ்கா என்னும் கற்பனை நாடு. 1982 ஆம் ஆண்டு. அயல்நாட்டோடு ஆறாண்டு நடந்த போர் அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. சீட்டுக் குலுக்கலில் உமது பெயர் விழுந்து, எல்லைச் சாவடியிற் பரிசோதகர் உத்தியோகம் உமக்குக் கிடைக்கிறது. ஒருவர் பின் ஒருவராகச் சனங்கள் வருவர். பத்திரத்தை வாங்கிப் பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்த வேண்டியது உமது வேலை. சரியாகப் பார்த்த ஆளொன்றுக்கு ஐந்து நாணயம் கூலி. தவறினால் இரண்டு முறை எச்சரிக்கை, பின்னர் அபராதம். மாலையில் வீட்டுக் கணக்கு வரும்: வாடகை, உணவு, குளிர்காயும் செலவு; மகனுக்குக் காய்ச்சலென்றால் மருந்து. கூலி போதாது.

ஒரு நாள் கணவன் ஒருவன் வருகிறான். அவன் பத்திரங்கள் சரி. அடுத்து வருபவள் தன் மனைவி என்றும், அவளிடம் தயவாக நடக்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். மனைவியிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. திரும்பிப் போனாற் கொல்லப்படுவேன் என்கிறாள். முத்திரை உமது கையில்.

நம் நாட்டில், அதிலும் வடக்கிலும் கிழக்கிலும் பிறந்து வளர்ந்த எவருக்கும் வரிசை புதிதல்ல. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு, மேசைக்கு அப்பால் இருப்பவரின் முகத்தைப் படிக்க முயன்றவாறு நின்றவர்கள் நாம். இவ்விளையாட்டு எம்மைத் தூக்கி மேசைக்கு அப்பால் இருத்துகிறது. இருந்து அரை மணி நேரத்துக்குள் நிகழ்வதுதான் எம்மைத் திகைக்கச் செய்தது. வரிசை நீள்கிறது, கூலி ஆளுக்குத்தான், நேரம் ஓடுகிறது. கிழவர் ஒருவர் ஏதோ கதை சொல்லத் தொடங்கினால் எமக்கு எரிச்சல் வருகிறது. முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுகிறோம். இலக்கத்தையும் திகதியையும் முத்திரையையும் மட்டுமே பார்க்கிறோம். கொடியவராயிருந்து அப்படிச் செய்யவில்லை. வீட்டிற் பிள்ளைக்கு மருந்து வேண்டும் என்பதற்காகச் செய்கிறோம். சாவடிகளைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் எத்தனையோ வாசித்திருக்கிறோம். அவையெல்லாம் வரிசையில் நின்றவரின் குரல்கள். நிற்கத்தான் வேண்டும் அந்தக் குரல்கள். ஆயினும் மறுபுறத்து மனிதன் எவ்வாறு அப்படி ஆகிறான் என்பதை எம் கைவிரலாலேயே எமக்கு உணர்த்தியது இந்த விளையாட்டு ஒன்றுதான். அவனை மன்னித்துவிடச் சொல்கிறதா என்றால், இல்லை. சிவப்பு முத்திரை குத்தியது நாமே என்பதை அது மறக்க விடுவதில்லை.

இருபது விதமான முடிவுகள் இதற்கு உண்டு. பதினாறு வயதுக்கு மேற்பட்டவருக்கே இது பொருந்தும். உடற்சோதனைக் காட்சிகளில் உருவங்கள் ஆடையின்றித் தோன்றுவதைத் தவிர்க்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கின்றது. வீட்டிலுள்ளவர் முதலில் அதனைச் சரிசெய்துவிட்டு ஆடுக. 2022 முதல் கைத்தொலைபேசியிலும் கிடைக்கிறது.

சாவடியை விட்டுப் போருக்குள்ளேயே போவது மூன்றாவது. போலந்தின் தலைநகரான வார்சோவில் இயங்கும் இலெவன் பிற் என்னும் நிறுவனம் 2014 இல் வெளியிட்ட திஸ் வோர் ஒவ் மைன், அதாவது என்னுடைய இந்தப் போர். போர் விளையாட்டு என்றதும் சிறுவர் துப்பாக்கியைத் தேடுவர். இங்கே நீர் போர்வீரரல்லர். முற்றுகைக்குள் அகப்பட்ட நகரத்தில் இடிந்த வீடொன்றில் ஒதுங்கிய சாதாரண சனம். 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது இது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. இருக்கும் பலகையையும் தகரத்தையும் கொண்டு அடுப்புச் செய்தல், மழைநீரை வடித்தல், நோயாளியைப் பார்த்தல் என்று பொழுது போகும். இரவில் ஒருவர் வெளியேறி உணவு தேடி வரவேண்டும். ஒரு வீட்டில் வயோதிபத் தம்பதியர் இருவர் தனித்திருக்கின்றனர். அவர்களிடம் உணவும் மருந்தும் உண்டு; தடுப்பதற்குப் பலம் இல்லை. எடுத்து வந்தீரேல் உம் வீட்டார் பசியாறுவர். ஆனால் எடுத்தவர் மனமுடைந்து போவார்.

போலந்து அரசாங்கம் 2020 இல் இவ்விளையாட்டை உயர்தர மாணவர்க்கான சிபாரிசுப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. பாடசாலை நூல்களின் வரிசையிலே ஒரு வீடியோ விளையாட்டு! பதினெட்டு வயது நிறைந்தவர்க்கென்றே அவர்கள் வரையறுத்தனர்; நாமும் அவ்வாறே சொல்வோம்.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தவர்களுக்கும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கும், பதுங்குகுழியின் மண்வாசனை இன்னும் மறக்காதவர்களுக்கும் இதிற் கற்பதற்குப் புதிதாக எதுவுமில்லை. ஆகவே, எல்லோரும் ஒருமுறையேனும் என்னும் எமது விதிக்கு இங்கே ஒரு விலக்கு வைக்கிறோம். வன்னியிலிருந்து நடந்து வந்தவர்கள் இதனை ஆட வேண்டியதில்லை; யாரும் அவர்களை வற்புறுத்தவும் கூடாது. 2009 க்குப் பின் பிறந்து பதினெட்டை எட்டப்போகும் பிள்ளைகளே இதனை ஆட வேண்டியவர்கள். "அப்பா, நீங்கள் அப்போது என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஒரு மகன் கேட்பதற்கு இது காரணமானால், தகப்பனார் பதில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவர் விருப்பம்.

இவ்வளவு பாரத்துக்குப் பின்பு, தாயாருக்கும் மகனுக்கும் பொதுவானதொன்றைக் கூறுவோம். அதன் பெயர் வெண்பா. பெயரைக் கண்டு யாப்பிலக்கணமோ என்று மாணாக்கர் நடுங்க வேண்டா. அது கதாநாயகியின் பெயர். கனடாவிலே தொறன்ரோ நகரத்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023 இல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980களிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. தாய் கொடுத்த சமையற் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விடுபட்ட படிகளை ஊகித்து நாமே சமைக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. இட்டலித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது அதில் ஒரு புதிர். வாயிற் கரண்டியோடு பிறந்த மகன்மார் பலர் அதிலே தோற்பர் என்பது எமது ஊகம். பக்கத்திலிருக்கும் அம்மா சிரித்துக்கொண்டே வழி சொல்வார்.

சமையலுக்கு இடையிடையே கதை நகர்கிறது. கவின் வளர்கிறான். பாடசாலைக்கு அம்மாவின் சாப்பாட்டைக் கொண்டுபோக வெட்கப்படுகிறான்; கூட்டாளிகள் வைத்த வேறொரு பெயரை விரும்புகிறான். தமிழிற் கேட்டால் ஆங்கிலத்திற் பதில் வருகிறது. கடைசியில் அவன் பெரியவனாகி, அம்மா இல்லாத சமையலறையிலே அந்தக் குறிப்பேட்டைத் திறக்கிறான். இப்போது விளையாடுபவர் அவனாக மாறிவிடுகிறார். எழுத்துத் தமிழ், அவனுக்கோ தமிழ் வாசிக்கத் திணறுகிறது. நாம் சரளமாகப் படிக்கும் எழுத்தை அவன் கண்ணாலே பார்த்துத் தடுமாற வேண்டியிருக்கிறது. ஸ்காபரோவிலும் இலண்டனிலும் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பாட்டிமாருக்கு இந்த இடத்தை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொலைபேசியிலே முகம் தெரிந்தும் பேச்சு ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் அறிவார்கள். 2024 இல் பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்ரா, அறிமுக ஆக்கத்துக்கான விருதை வெண்பாவுக்கு வழங்கியது. அவ்வரங்கிலே இட்டலியும் புட்டும் பேசப்பட்டதில் எமக்கு மகிழ்ச்சியே.

ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்துக்குள் இதனை ஆடி முடித்துவிடலாம். முடிந்ததும் முடிந்ததுதான், நாளைக்கும் வா, காசு கட்டு என்று கூப்பிடாது. ஆகையால் தென்மராட்சித் தாயாருக்கு நாம் முதலிற் சொல்வது இதனைத்தான். கணனி இல்லாத வீடாயின் உறவினர் வீட்டில் ஒரு பின்னேரம் கேட்டுப் பெறலாம்.

புட்டு விஷயத்தில் மாத்திரம் எமக்கு அவ்விளையாட்டோடு ஒரு சிறு வழக்கு உண்டு. வெண்பா குழலிலே அவிக்கிறாள். தமிழ்நாட்டுப் பெண்ணாதலால் நீத்துப்பெட்டியை அவள் கண்டிருக்க மாட்டாள்.