வெளியுறவும் பள்ளிப் பாடமே

ராமேசுவரம் மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்யும்போதெல்லாம் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகிறது. முதல்வரே கொழும்புடன் பேசித் தீர்க்க முடியாதா? எட்டாம் வகுப்பு மாணவருக்கும் இதற்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நமது அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி, வெளியுறவு மத்திய அரசின் அதிகாரம்.

1974, 1976 உடன்பாடுகள் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லையை வகுத்தன. கச்சத்தீவு இலங்கை வசமானது. எல்லைக்கு இப்பால் நம் மீனவர்களின் பிழைப்பு தவிக்கிறது. அப்பாலோ, நம் விசைப்படகுகளின் இழுவைமடிகள் கடல்வளத்தை அழிப்பதாக யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர்கள் குமுறுகிறார்கள். அந்த மீன்பிடி முறையை இலங்கை 2017-இல் தடை செய்தது.

நம் நலனைக் காப்பது, எதிர்த்தரப்பின் நியாயத்தை அறிவது, பேசி உடன்பாடு காண்பது: வெளியுறவின் அரிச்சுவடி இவ்வளவுதான். தூதரகம், வணிகம், உதவி எல்லாம் அதற்கான கருவிகள். ராணுவம் கடைசி வழி.

பஞ்சசீலம் 1954 என்று மனப்பாடம் செய்வதால் மட்டும் இந்தப் புரிதல் வராது. வகுப்பறையில் வரைபடத்தை விரித்து, மாணவர்களை இரு தரப்பாக அமர்த்தி வாதிடச் செய்ய வேண்டும். கல்வித் துறை இதைப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். நாளைய வாக்காளர்கள் வெறுப்புப் பேச்சுக்கு இரையாகாதிருக்க அதுவே வழி.